ஜென்னின் நீளம், அம்பாசிடரின் வயிறு

உள்ளே விசாலம், வெளியே அடக்கம், எரிபொருளில் சிக்கனம் என்ற மூன்று வாக்குறுதிகளைச் சுமக்காத சின்னக் கார் விளம்பரம் ஒன்றை நம் தேசத்தில் காண்பது அரிது. ஒன்றுக்கொன்று விரோதமான இம்மூன்று குணங்களையும் ஒரே வண்டியிடம் எதிர்பார்க்கும் துணிச்சல் நமக்கு எப்போது வந்தது, அதை முதலில் வாய்விட்டுக் கேட்டவர் யார் என்ற விசாரணையில் நான் இறங்கியதற்கு வெறும் சரித்திர ஆசை மட்டும் காரணமன்று. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு புனேயில் தங்கிவிட்ட என் தாயாருக்கு, முழங்கால் வலியின் நிமித்தம் ஆட்டோவில் ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு நாள் பிரயாசையாகிக்கொண்டு வரவே, இத்தனை வருஷமும் ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலுமாகக் காலத்தை ஓட்டிவிட்ட நாங்கள், கார் ஒன்று வாங்கினால் என்ன என்ற யோசனைக்கு வந்து சேர்ந்தோம். வீட்டில் ஐந்து பேர். குடியிருப்பில் எங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்திலோ பின்னால் சுவர், முன்னால் தூண். வருஷத்துக்கு ஒரு தடவையேனும் சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர் மார்க்கமாக மூட்டை முடிச்சுகளோடு ஊருக்குப் போய்வரும் உத்தேசமும் உண்டு.

நாங்கள் போய்ப் பார்த்த ஷோரூம்களிலெல்லாம், கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர்கள் பின்கதவைத் திறந்து காட்டி, "பெரிய வண்டி மாதிரி இடம் சார்" என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். எந்தப் பெரிய வண்டியை மனத்தில் வைத்து அப்படிச் சொல்கிறார் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இருக்கைத் துணியின் தரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தக் கேள்விக்கு விடை அவர் பிறப்பதற்கு முன்பே இதே நகரத்தின் வடக்கு ஓரத்தில் எழுதப்பட்டுவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

டெல்கோ என்ற பெயரில் லாரிகள் செய்துகொண்டிருந்த டாடா கம்பெனி, ஜாம்ஷெட்பூருக்கு அடுத்தபடியாகப் பிம்ப்ரியில் காலூன்றியது 1966இல். அதை நடத்திவந்த சுமந்த் மூல்காவ்கரின் மேற்பார்வையில், கல்லும் கட்டாந்தரையுமாகக் கிடந்த அந்தப் பூமியில் மரங்கள் நடப்பட்டன, ஏரி வெட்டப்பட்டது, யந்திரங்களோடு யந்திரம் செய்யும் ஆட்களும் தயாரிக்கப்பட்டார்கள். அந்த இடத்திலிருந்து ஒரு சின்னக் கார் வர வேண்டுமென்று தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனித் தலைவர் ரத்தன் டாடா விரும்பியபோது, அவர் தம் எஞ்சினியர்களுக்கு விதித்த லட்சணம் பிரசித்தமானது: வெளி அளவு மாருதி ஜென்னை ஒத்திருக்க வேண்டும், உள்ளே அம்பாசிடரின் இடம் வேண்டும், விலை மாருதி 800ஐ ஒட்டி இருக்க வேண்டும், ஓடுகிற செலவு டீசலின் செலவாக இருக்க வேண்டும். ஷோரூம் இளைஞர் சொன்ன 'பெரிய வண்டி' அம்பாசிடர்தான்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வம்சமாக, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து உற்பத்தியான அந்த வண்டியைப் பற்றிப் பழித்தும் புகழ்ந்தும் எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆனால் கல்யாணச் சத்திரத்துக்குப் பெண் வீட்டாரில் எட்டுப் பேரையும் நடுவில் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு முனகாமல் போன அதன் பின்சீட்டை அனுபவித்த ஒரு தலைமுறைக்கு, இடம் என்பதன் பிரமாணம் அங்கேயே நிர்ணயமாகிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் நீளம் 4.3 மீட்டருக்குச் சற்று மேல். அதே வயிற்றை ஒரு முழத்துக்கும் மேல் குட்டையான உடலுக்குள் திணிக்க வேண்டும் என்பதே பிம்ப்ரிக்கு வந்த உத்தரவு. அப்படிப் பிறந்த வண்டிதான் இண்டிகா.

திணித்தது எப்படி என்பதைப் புத்தகங்களிலிருந்து அறிந்ததைவிட, போசரியில் ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில் நின்றிருந்த பழைய இண்டிகாவிடமிருந்து நன்றாக அறிந்தேன். பழைய வண்டியொன்று வாங்கினால் லாபமா என்று விசாரிக்கத்தான் போயிருந்தேன். எம்.எச்.14 என்று தொடங்கும் எண்ணோடு, டாக்ஸியாக ஓடி ஓய்ந்த அந்த வண்டியின் பானெட்டை அவர் ஓர் இரும்புக் கம்பியால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். பாட்டரி முனையில் பச்சைப் பொடி பூத்திருந்தது; ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று துணிச் சுற்றோடு நின்றது. "எஞ்சினைப் பாருங்கள் சாஹேப், இந்தப் பக்கச் சக்கரத்திலிருந்து அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. அம்பாசிடரில் நெடுக்காக நிற்கும்" என்று சொல்லி, பம்பரிலிருந்து டாஷ்போர்டுச் சுவர் வரைக்கும் தம் கையாலேயே சாண் போட்டுக் காட்டினார். பிறகு கதவைத் திறந்து, கால் வைக்கும் தரையைத் தட்டினார். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு இல்லாததால், நடுவில் உட்காருகிறவர் காலை அகட்டி வைத்துக்கொள்ள வேண்டிய மேடும் பேருக்குத்தான் இருந்தது. எஞ்சின் திரும்பிப் படுத்துக் கொடுத்த இடம் அவ்வளவும் உட்காருகிறவர்களின் முழங்காலுக்குப் போயிருக்கிறது.

எஞ்சினைக் குறுக்கே படுக்கப் போடும் உபாயம் பிரசித்தமான கதையைத் தேடிப் போனால், ஒரு வேடிக்கையான சம்பந்தம் புலப்படுகிறது. 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, குறைந்த எண்ணெயில் நாலு பேர் சௌகரியமாகப் போகக்கூடிய வண்டி ஒன்றைச் செய்யும் பொறுப்பு, ஸ்மிர்னாவில் பிறந்த அலெக் இஸிகோனிஸ் என்ற எஞ்சினியரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959 ஆகஸ்டில் வெளிவந்த அவருடைய மினி பத்தடி நீளமே, எஞ்சின் குறுக்கே, கியர்பெட்டி அதற்கு அடியில், அதே எண்ணெயிலேயே முழுகி, சக்கரங்கள் பத்து அங்குலம். அந்த வண்டி விற்கப்பட்ட பெயர்களில் ஒன்று மோரிஸ் மினி மைனர். நம் அம்பாசிடரின் மூதாதையும் மோரிஸ்தான் என்பதை நினைத்தால், இடத்தின் பிரமாணமும் அந்த இடத்தைச் சின்ன உடலில் அடைக்கும் வித்தையும் ஒரே குடும்பத்துச் சொத்து என்றாகிறது.

கியர்பெட்டியை எஞ்சினுக்கு அடியில் புதைப்பது பழுது பார்ப்பவனுக்குப் பெரிய உபத்திரவம். அதை எஞ்சினின் பக்கத்திலேயே வரிசையாக வைத்து, இரு சக்கரங்களுக்கும் சமமற்ற நீளத்தில் தண்டுகள் விடலாமென்று காட்டியவர் இத்தாலியில் ஃபியட்டின் தாந்தே ஜியாகோசா. 1964இல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவிலும், 1969இல் ஃபியட் 128இலும் அவர் நிலைநாட்டிய இந்த ஏற்பாட்டையே இன்று உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. ஃபியட்டின் ஊர் டுரின். இண்டிகாவின் உருவத்தை வரைந்துகொடுத்த ஐடியா என்ற ஸ்தாபனத்தின் ஊரும் டுரின்தான்.

யந்திரசாலைக்கும் தேசாந்தரம் போக வேண்டியிருந்தது. புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியே கொடுத்து, ஆஸ்திரேலியாவில் நிஸ்ஸான் கம்பெனி மூடிவிட்ட கார்த் தொழிற்சாலையை விலைக்கு வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றிப் புனேயில் மறுபடி பூட்டினார்கள். 1998 ஜனவரியில் டில்லி கண்காட்சியில் காட்டப்பட்ட வண்டி அந்த வருஷக் கடைசியில் விற்பனைக்கு வந்தபோது, முழுப் பணத்தையும் கட்டி முன்பதிவு செய்துகொண்டவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். 'ஒரு காரில் அதிகக் கார்' என்ற பொருள்பட அமைந்த அதன் விளம்பர வாசகத்தை எழுதியவர் பிம்ப்ரிக்கு வந்த லட்சணத்தைச் சரியாக உணர்ந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் வண்டிகளில் குறைகள் மலிந்திருந்ததும், 2000-01இல் கம்பெனிக்கு ஏறக்குறைய 500 கோடி ரூபாய் நஷ்டம் உண்டானதும், குறைகளைக் களைந்து 2001இல் வி2 என்ற இரண்டாவது அவதாரம் வந்ததும், அதன் பிறகு தேசத்து டாக்ஸி ஸ்டாண்டுகளெல்லாம் இண்டிகா மயமானதும் பலரும் அறிந்த கதை. அந்த வண்டி 2018இல் நிறுத்தப்பட்டது.

இடத்துக்கு இன்னொரு வழி உயரம். ஜப்பானில் சலுகை வரி பெறும் சின்ன வண்டிகளுக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. என்று வரம்பு கட்டியிருந்த சர்க்கார், உயரத்தை மட்டும் இரண்டு மீட்டர் வரை தாராளமாக விட்டிருந்தது. சுசுகி கம்பெனி 1993இல் அந்தச் சந்தைப் பயன்படுத்திக்கொண்டு வாகன்-ஆரைச் செய்தது. நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் முன்னுக்கு நீளாது. ஆகவே நீளம் மிச்சம். 1998இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோவும், அடுத்த வருஷம் வாகன்-ஆரும் நம்மூரில் வந்தபோது, அவற்றின் உருவத்தைப் பரிகாசம் செய்தவர்களில் நானும் உண்டு. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அந்த உருவமே வரப்பிரசாதம் என்பதை என் தாயார் ஷோரூமில் ஒரே நிமிஷத்தில் நிரூபித்தார்கள். தாழ்வான வண்டியில் கதவைப் பிடித்துக்கொண்டு விழுவதுபோல் உட்கார்ந்தவர்கள், உயரமான வண்டியில் இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பினார்கள், உட்கார்ந்துவிட்டார்கள்.

நம் சர்க்காரும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டது. 2006ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில், நாலு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோலானால் 1200 சி.சி.க்கும் டீசலானால் 1500 சி.சி.க்கும் மேற்படாத வண்டிகளுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைக்கப்பட்டபோதும் அந்த நாலு மீட்டர் கோடே பிரமாணமாக நின்றது.

சிக்கனத்தின் மூலத்தைத் தேடியபோதும் நான் இந்நகரத்தை விட்டு வெளியே போக நேரவில்லை. விளம்பரங்களில் அச்சாகும் மைலேஜைப் பெரும்பாலும் 'ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்' என்று குறிப்பிடுவது வழக்கமல்லவா? 1966இல் ஸ்தாபிக்கப்பட்ட அந்த மோட்டார் ஆராய்ச்சி ஸ்தாபனம், கோத்ரூடின் பக்கம் வேதாள் குன்றின் மேல், மாலையில் உலாவப் போகிறவர்களின் பாதைக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே வண்டி ரஸ்தாவில் ஓடுவதில்லை. உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழல, விதிக்கப்பட்ட ஒரு கால அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், 90 கிலோமீட்டருக்கு மேற்போகாமல், ஏ.சி. போடாமல் ஓட்டி, புகையில் வெளியான கரியைக் கொண்டு எரிபொருளைக் கணக்கிடுகிறார்கள். வண்டிக்கு வண்டி ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நேர்மையான முறை கிடையாது. ஆனால் மே மாதத்து வெயிலில் ஏ.சி.யோடு ஹிஞ்சவடி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு அந்த எண்ணிக்கை எப்படிப் பலிக்கும்?

ரத்தன் டாடா கேட்ட நாலு வரங்களில் டீசல் என்ற வரம் இப்போது காலாவதியாகிவிட்டது. தொண்ணூறுகளில் பெட்ரோல் விலையில் பாதியை ஒட்டி விற்ற டீசல், 2014 அக்டோபரில் சர்க்காரின் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் வந்ததும், சின்ன டீசல் எஞ்சினைச் சுத்தமாக்கும் செலவு கட்டுப்படியாகாமல் மாருதி முதலானோர் அதைக் கைவிட்டார்கள். அதன் ஸ்தானத்தை இன்று சி.என்.ஜி. பிடித்திருக்கிறது. அதில்தான் விசாலத்துக்கும் சிக்கனத்துக்கும் பழைய சண்டை மறுபடி மூண்டது. அறுபது லிட்டர் உருளை ஒன்றை டிக்கியில் படுக்கவைத்தால், மிச்சமிருக்கும் இடத்தில் ஊறுகாய் ஜாடியும் குடையும் வைக்கலாம். பெட்டி வைக்க முடியாது. 2023இல் டாடாவின் ஆல்ட்ரோஸில் அந்த ஓர் உருளையை முப்பது லிட்டர் உருளைகள் இரண்டாகப் பிரித்து, டிக்கித் தரைக்கு அடியில் பதித்து, ஸ்டெப்னியை வண்டியின் வயிற்றுக்குக் கீழே அனுப்பிவிட்டார்கள். டிக்கிப் பலகையை நானே தூக்கிப் பார்த்தேன். எஞ்சினைத் திருப்பிப் போட்ட அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே அதையே வாங்கிவிடுவது என்று ஏறக்குறைய நிச்சயித்திருந்த சமயத்தில், சிநேகிதர் ஒருவர் தம் சி.என்.ஜி. வண்டியில் எங்களை ஆளந்திக்கு அழைத்துப்போனார். வழியில் பங்க் ஒன்றில் நீண்ட வரிசையில் காத்திருந்து எங்கள் முறை வந்ததும், விதிப்படி வண்டியிலிருந்த அனைவரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டுமென்றார்கள். என் தாயார் ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பற்றிக்கொண்டு இறங்கி, வெயிலில் நின்று, திரும்ப ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "ஏறுறதுக்குக் கார் வாங்குறியா, இறங்குறதுக்கு வாங்குறியா?"

வீட்டுக்கு வந்து காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எரிவாயு வண்டிக்குக் கூடுதல் விலை தோராயமாக 90,000 ரூபாய். அதனால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் மிச்சமாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எங்கள் ஓட்டம், ஊர்ப் பிரயாணத்தைச் சராசரியில் சேர்த்தாலும், மாதம் 500 கிலோமீட்டருக்கு மேற்போகாது. மாதத்துக்கு 1,500 ரூபாய் மிச்சம் என்றால், போட்ட முதல் திரும்ப 60 மாதம், அதாவது ஐந்து வருஷம் ஆகும். தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிற டாக்ஸிக்காரருக்கு ஒரே வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடுகிற லாபம் எங்களுக்கு இப்படி இழுபறியாகிறது. அதற்குள் தாயாருக்கு எண்பத்தாறு வயதாகிவிடும். சிக்கனம் என்பது வண்டியின் குணமென்று நினைத்தே விளம்பரங்களைப் படிக்கிறோம். அதில் பாதி நாம் ஓட்டும் தூரத்தின் குணம்.

உயரமான, பெட்ரோலில் மட்டும் ஓடுகிற, நாலு மீட்டருக்கு நன்றாகவே உட்பட்ட வண்டி ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். சுவருக்கும் தூணுக்கும் இடையே அதை நிறுத்தினாலும், டிக்கியைத் திறந்து பெட்டி எடுக்கப் போதுமான இடம் மிஞ்சுகிறது என்று நாடா வைத்தே பார்த்தாயிற்று. குன்றின் மேல் அளந்த மைலேஜில் கால் பங்கைக் கழித்துவிட்டு, மீதியை மாதச் செலவுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.