கடனாகப் பெற்ற காலம்

அப்புத்தளை மலையில் மாலைவேளை மூடுபனி ஏறத் தொடங்கினால் லயங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு மறைந்துவிடும். அத்தகைய ஒரு மாலையில், லயக் காம்பிரா ஒன்றின் இஸ்தோப்பில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே சொற்சண்டை எழுந்தது. மரக்கறிப் பாத்திக்கென வாங்கி வைத்திருந்த பூச்சிகொல்லி மகனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நெடுநாள் எண்ணித் துணிந்த செயலன்று அது; சில நிமிடச் சினமே. ஆயினும் சினம் தணிந்த பின்னரும் நஞ்சு தணிவதில்லை.

அயலார் ஓடிவந்து முச்சக்கர வண்டி பிடித்தனர். வண்டி புறப்படுமுன் முதியவர் ஒருவர் தாயின் காதருகே குனிந்து, "வயித்து வலின்னு மட்டும் சொல்லு, தாயி. இல்லாட்டி பொலிஸ் கேஸாயிரும்" என்றார். அவர் தீய எண்ணத்தால் அவ்வாறு கூறினாரல்லர். குடும்ப மானமும், வளர்ந்துவரும் மகளின் எதிர்காலமும் அவர் நினைவில் இருந்தன. தாய் தலையசைத்தாள். பாடசாலையிற் படிக்கும் அம்மகளோ எவரிடமும் கேளாமல், போத்தலை ஒரு பையிற் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வைத்தியசாலையில் வைத்தியர் கேட்ட முதற்கேள்வி, "என்ன குடித்தார்?" என்பதே. தாய் வாய் திறக்கவில்லை. "பூச்சிக்கு அடிக்கிற மருந்துங்க, ஐயா. இந்தாங்க போத்தல்" என்று சிறுமி நீட்டினாள்.

அப்போத்தலின் ஒட்டுத்தாளே சிகிச்சைக்கு வழிகாட்டியது. பரகுவாட் போன்ற களைகொல்லிக்கு மாற்று மருந்து இல்லை. சேதனப் பொசுபரசு வகைப் பூச்சிகொல்லிக்கோ அற்றோப்பின் உண்டு. இவ்வகை நஞ்சு, நரம்பின் செய்தியைக் கடத்தும் அசற்றைல்கோலின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதியத்தை முடக்குகின்றது. அதனால் அப்பொருள் உடலிற் குவிய, கண்மணி சுருங்குகின்றது, நெஞ்சு சளியால் நிறைகின்றது, மூச்சுத் திணறுகின்றது. ஊமத்தையிலும் காணப்படும் அற்றோப்பின், அளவறிந்து கொடுக்கப்படின், அக்குவிவின் விளைவுகள் பலவற்றைத் தடுக்கின்றது. நுரையீரல் தெளியும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை மருந்தின் அளவை இரட்டித்துக்கொண்டே போகவேண்டும். அன்றிரவு வைத்தியரும் தாதியும் கட்டிலைவிட்டு அகலவில்லை.

மறுநாள் அவன் எழுந்து தேநீர் கேட்டான். வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் எனக் குடும்பத்தார் கருதினர். வைத்தியர் இணங்கவில்லை. அதற்குத் தக்க காரணம் இருந்தது. நஞ்சருந்தி 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள், தேறியவர் போல் தோன்றும் நோயாளியின் சுவாசத் தசைகள் திடீரெனத் தளரக்கூடும். இந்நிலையை 1987 இல் உலக மருத்துவத்துக்கு எடுத்துக்காட்டியோர் நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த என்னும் நம் நாட்டு வைத்தியர்களே. தசைத் தளர்ச்சியை அற்றோப்பின் நீக்காது. மூச்சு மீளும்வரை இயந்திரத்தின் துணை வேண்டும்.

ஹெரோயின் முதலிய அபினி வகைப் பொருள்களால் மூச்சடங்குவோரை மீட்கும் நலொக்சோனுக்கும் இவ்வியல்பு உண்டு. சில நிமிடங்களில் அது மூச்சை மீட்டுத் தருகின்றது. எனினும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அதன் வலு குன்ற, உடலில் எஞ்சிய போதைப்பொருள் மீண்டும் மூச்சை அடக்கக்கூடும். அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டு முதல் வைத்தியரின் சீட்டின்றியே அதனை மூக்கில் விசிறும் வடிவில் வாங்கலாம். அங்கும் மருந்தைக் கொடுத்தவுடன் அம்புலன்ஸை அழைக்கவேண்டும் என்றே கற்பிக்கின்றனர். மாற்று மருந்து தருவது உயிரையன்று, காலத்தையே. அதுவும் கடனாக.

அக்கடன் பயன்தர வேண்டுமாயின் உண்மை விரைந்து வெளிவரல் வேண்டும். முதியவர் அஞ்சிய சட்டம் இன்று இல்லை. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 இலேயே குற்றம் என்னும் நிலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் போயிற்று, அச்சம் லயங்களில் தங்கிவிட்டது. நஞ்சைக் கைக்கெட்டாமற் செய்வதன் பயனையும் இந்நாடு கண்டுள்ளது. 1995 இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்றிருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டபின் பத்தாண்டுகளில் ஏறக்குறைய பாதியாயிற்று. சினம் தணியும்வரை நஞ்சு எட்டாதிருந்தால் உயிர் பிழைக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆறாம் நாள் மகன் வீடு திரும்பினான். தந்தை அவனோடு அதிகம் பேசவில்லை. ஆனால் பாத்திக்குரிய மருந்துகள் யாவும் காம்பிராவிலிருந்து அகற்றப்பட்டு, தொலைவில் ஒரு பெட்டியிற் பூட்டப்பட்டிருந்தன. திறப்பு மகளிடம் இருந்தது.

தோட்டங்களிலிருந்து கல்வி பெற்று வெளியேறுவோர் தம் லயத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அறிவு பெரிதன்று. எதனை அருந்தினார் என்பதை மறையாது சொல்லுங்கள்; போத்தலைக் கொண்டு செல்லுங்கள்; பொலிசுக்கு அஞ்சாதீர்கள். இம்மூன்றையும் அச்சிறுமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏனையோருக்குச் சொல்லிவைப்பது நம் கடன்.