வசைப்பாட்டுக்குப் பிறகு

நண்பர்கள் பிரிந்தால் வசைக்குப் பஞ்சமிராது. கலிபோர்னியாவின் கொம்ப்டன் நகரில் உருவான என்.டபிள்யூ.ஏ. என்ற றப் இசைக்குழுவிலிருந்து, பணத் தகராறினால் 1989 இல் ஐஸ் கியூப் வெளியேறினார். பழைய தோழர்கள் அவரைப் பாட்டில் இகழ்ந்தனர்; 1991 இல் 'டெத் சேர்ட்டிபிக்கேற்' இசைத்தொகுப்பில் அவரும் திருப்பிக் கொடுத்தார். அடுத்துப் பிரிந்த டொக்டர் ட்றே, 1992 இல் 'த குரோனிக்' தொகுப்பில் ஈஸி-ஈயைச் சாடினார். மறு ஆண்டே ஈஸி-ஈ பதிலடி கொடுத்தார். 1995 மார்ச் 26 இல் எயிட்ஸ் நோயினால் ஈஸி-ஈ மறைந்தார். வசைப்பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன.

அருகருகே மேசையிட்டு எழுதிய நண்பர் ஒருவருடன் நானும் பத்திகளில் மோதியிருக்கிறேன். எங்கள் எழுத்தில் சிறந்தது அதுவே என்று வாசகர்கள் பாராட்டினார்கள். அவருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுத அமர்ந்த இரவில்தான், ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாயிருந்திருக்கும் என்பது உறைத்தது.