போர்ட்லண்டில் ஒரு டபரா

ஆரிகன் மாநிலத்து போர்ட்லண்ட், அமெரிக்காவின் முற்போக்கு நகரங்களில் ஒன்று. "போர்ட்லண்டை விசித்திரமாவே வெச்சிருங்க"ன்னு கார் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அட, இங்கே நாம நாமளா இருக்கலாம்னு நம்பித்தான் பெட்டி படுக்கையோட வந்து இறங்கினேன்.

உண்மைதான், யாரும் எதுவும் சொல்றதில்லை. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி வித்தியாசமா இருக்காங்க மக்களே! காப்பியையே எடுத்துக்குங்க. லேசா வறுத்த கொட்டை, எந்தத் தோட்டத்துதுன்னு பேர், நாக்கில் எலுமிச்சைப் புளிப்பு. சர்க்கரை போட்டா தெய்வக்குத்தம். நம்மளுது நேரெதிர்: கறுக்க வறுத்து, சிக்கரி கலந்து, டிகாஷன் இறக்கி, பாலும் சர்க்கரையும்.

ஆபீஸ்ல அந்தப் புளிப்பைக் குடிச்சுட்டு "பிரமாதம்" சொல்லப் பழகிட்டேன். நாக்குக்குப் பழகலை, வாய்க்குப் பழகிடுச்சு. நம்ம காப்பி வீட்டோட சரி. யாரும் தடுக்கலை, நானாத்தான் ஒளிச்சு வெச்சேன். அதுதான் உறுத்துச்சு.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ஸ்டிக்கர் வாசகமே 2003ல் ஆஸ்டின் நகரத்திலிருந்து இரவல் வாங்கினதாம். 1999ல் இங்கே பிறந்த ஸ்டம்ப்டவுன் காப்பிக் கம்பெனியையும் 2015ல் கலிஃபோர்னியாவின் பீட்ஸ் வாங்கிடுச்சு. இவங்க விசித்திரமே இவ்வளவுதானா!

போன வாரம் டபரா டம்ளரோடயே ஆபீஸ் போனேன். ஆத்தறதைப் பார்த்துட்டுப் பக்கத்து சீட்டுக்காரர், "எந்தத் தோட்டம்?"னார்.

"தோட்டம் தெரியாது. பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, கூட சிக்கரி."

ஒரு வாய் குடிச்சார். "இனிக்குதே"ன்னார்.

"ஆமா, சர்க்கரை"ன்னேன் :-)

உங்க ஊர்ல நீங்க எதை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?