அப்பாவின் வார்ட் ஸ்ட்ரீட்

"வார்ட் ஸ்ட்ரீட்டுல போய் நில்லு, பின்னால வந்துர்றேன்" என்று அப்பா சொன்னதை நம்பி, பன்னிரண்டு வயதில் கண்டி டவுனில் தனியாக பஸ்ஸை விட்டு இறங்கினேன். அந்தப் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. நாலைந்து பேரைக் கேட்டபின் ஒரு வெற்றிலைக் கடைப் பெரியவர் சிரித்தார்: "நீ நிக்கிறதே அதுதான் தம்பி." அவர் தலைக்கு மேலே பலகையில் 'தலதா வீதி' என்றிருந்தது.

வார்ட், 1855 முதல் 1860 வரை இலங்கையின் ஆங்கிலேய ஆளுநர். கோப்பிக்காலம் அது, தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காடு வழியே மலைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர் பெயரை அப்பா அத்தனை உரிமையோடு சொன்னதுதான் வேடிக்கை. திருகோணமலை வீதி டி.எஸ். சேனாநாயக்க வீதியானதையும், காசல் ஹில் வீதி கொட்டுகொடெல்ல வீதியானதையும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பெயர்ப்பலகையைக் கவனிக்காத ஒன்று கண்டியில் உண்டு: எசல பெரஹரா ஊர்வலம். தலதா வீதி, யட்டிநுவர வீதி, கந்த வீதி, சேனாநாயக்க வீதி, ராஜ வீதி என்று யானைகள் சுற்றி வரும்போது ஊரின் சதுரக் கட்டமைப்பு கண்ணுக்குத் தெரியும். கடையும் பேங்குமாய் நெரிசலில் பார்த்தால் பிடிபடாது.

தலதா மாளிகைக்கு அந்தப் பக்கம் மலபார் வீதி. 1739 முதல் 1815 வரை ஆண்ட நான்கு நாயக்க மன்னர்களின் உறவுக்காரர்கள் குடியிருந்த தெரு. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களையெல்லாம் வெள்ளைக்காரன் 'மலபார்' என்றுதான் எழுதினான், எங்களையும் சேர்த்துத்தான். அந்த நால்வரில் கடைசியாக ஆண்ட, 1807இல் கண்டி ஏரியை வெட்டத் தொடங்கிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் கைதியாகச் செத்தான்.

அப்பா வழி சொன்னால் "குயின்ஸ் ஹோட்டல் தாண்டி மாளிகை முன்னால நேரா விடு" என்பார். 1998 ஜனவரியில் மாளிகை முன்னால் குண்டு வெடித்தபின் அந்த வழியே வாகனம் போக விடுவதில்லை. அவர் சொன்ன வழியில் பாதி அன்றே அடைபட்டுவிட்டது.

போன வாரம் மகள் போனில் சொன்னாள்: "கே.சி.சி. ரோட்டுல நிக்கிறேன், வாங்க." எந்த ரோடு என்று கேட்டேன். "அதாம்பா, கே.சி.சி. ஷாப்பிங் மால் இருக்கிற ரோடு!" அப்பாவின் வார்ட் ஸ்ட்ரீட்தான்.