தேத்தண்ணியோடு வைக்க ஒன்று

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் போய், ஆரையம்பதி தாண்டி வலப்பக்கம் திரும்பினால் மண்முனைப் பாலம். 2014இல் இது திறக்கும்வரை சனம் வாவியைக் கடந்தது 'பாதை' எனும் மிதவையில் ஏறித்தான். பாலத்துக்கு அப்பால் படுவான்கரை. கொக்கட்டிச்சோலைப் பக்கமாக ஒரு வளவில், மணல் பரப்பிய சட்டியில் சொக்லேட் குக்கீஸ் சுடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பின்முற்றத்து அடுப்பில் சிரட்டைக்கரி கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் அடி கறுத்த பெரிய அலுமினியச் சட்டி. உள்ளே நான்கு விரல் உயரத்துக்கு மணல். மணலில் ஒரு இரும்பு வளையம். தட்டு அதன்மேல்தான் இருக்க வேண்டும். நேரே மணலில் வைத்தால் அடி கருகிவிடும். சட்டியை மூடி, மூடிமேலும் நாலைந்து தணல் துண்டுகளைப் பரப்பினார் வீட்டுக்கார அக்கா. மேலும் கீழும் சூடு வேண்டும். கீழ்ச்சூடு எல்லாப் பக்கமும் ஒரேமாதிரிப் பரவ மணல் வேண்டும்.

மா அதற்குள் தயாராகிவிட்டது. கோதுமை மா 250 கிராம், மாஜரினும் சிவப்புச் சீனியும் 125 கிராம் வீதம், கொக்கோ மூன்று மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பிசையக் கொஞ்சம் பால். கண்டோஸ் சொக்லேட் ஒன்றைக் கத்தியால் கொத்திக் கடைசியில் சேர்த்தார். முட்டை இல்லை. "அப்ப முட்டை வாங்க ஏலாது தம்பி. இல்லாமச் செஞ்சு பழகிற்று" என்றார்.

அவர் சொன்ன 'அப்ப' 2022இல் தொடங்குகிறது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது; அந்த விலைக்கும் வரிசையில் கிடக்க வேண்டும். மின்வெட்டு அதற்கு முந்திய மாதக் கடைசியில் 13 மணித்தியாலம்வரை போனது. ஓட்டோ ஓட்டும் கணவருக்குக் கியூஆர் முறை வந்தபின் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். ஓகஸ்டில் அரசு இறக்குமதியை நிறுத்திய சுமார் 300 பொருள்களில் சொக்லேட்டும் ஒன்று. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முட்டைத் தட்டுப்பாடு அடுத்த ஆண்டும் தொடர்ந்தது. 2023 மார்ச்சில் பேக்கரிகளுக்காக இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள்.

சோற்றுக்கே கணக்குப் பார்த்த நாளில் குக்கீஸ் எதற்கு? கேட்டேன்.

"சோறு எப்பிடியும் ஆக்கிருவம். ஆக்கள் வந்தா வெறும் பிளேன்டியக் குடுத்து அனுப்புறதுதான் பெரிய வெக்கம். கடையில பிஸ்கட் பக்கற்றத் தொட ஏலாது."

இறைச்சி, பால்மா எல்லாம் விட்டுப்போனதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குரல் மாறியது வருகிறவருக்கு வைக்கும் தட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும். இங்கே செத்த வீட்டுக்கும் வருத்தம் பார்க்கவும் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. வருகிறவரை வெறும் வாயோடு அனுப்புவதுமில்லை. நெருக்கடி முதலில் கை வைத்தது அந்தப் போக்குவரத்தில்தான்.

அமெரிக்காவில் ரூத் வேக்ஃபீல்ட் சொக்லேட் துண்டு பதித்த குக்கீயைத் தன் விடுதியில் உருவாக்கியதும் 1930களின் பெருமந்தக் காலத்தில். உலகப் போர் வந்ததும் அது பொதிபொதியாகப் படைவீரர்களுக்குப் போனது. சுட்டவர் வீட்டில், தின்றவர் வெகுதூரத்தில்.

உருண்டை பிடிக்கத் தொடங்கியதும் வெயில் குறுக்கே வந்தது. கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகையில் உருகும். அதனால்தான் சொக்லேட் வாயில் கரைகிறது. மட்டக்களப்பு மதியத்தில் அது மேசையிலேயே கரையும். மாஜரினும் இளகிவிட்டால், மா இறுகுமுன்னே குக்கீ அடையாகப் பரந்துவிடும். தண்ணீர் நிறைந்த மண்பானையின் வாயில் மாத்தட்டை வைத்து, ஈரத்துணியால் மூடினார் அக்கா. குளிர்சாதனப் பெட்டி ஓடாத நாள்களில் பழகியது. இப்போது அது ஓடினாலும் பானைதான்.

தட்டில் ஒரு சிட்டிகை மா தூவிச் சட்டிக்குள் வைத்துப் பார்த்தார். மெல்லச் சிவந்தது, சூடு சரி. முதல் தட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் வாசம் எழும்ப, நான் மூடிப்பக்கம் குனிந்தேன்.

"இப்பத் திறக்கப்படாது. மறுகா பார்ப்பம்."

கால் மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது குக்கீஸ் இன்னும் மெதுவாகவே இருந்தன. ஆற ஆறத்தான் இறுகும். சிவப்புச் சீனி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் நடு மட்டும் மெத்தென்று நிற்கும். ஓரத்தில் கரி வாசம், நடுவில் சொக்லேட் கசப்பு. கடைக் குக்கீயைவிடச் சீனி குறைவு.

மொத்தம் 24. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு, எனக்குத் தேத்தண்ணியோடு இரண்டு. மிச்சம் 18ஐயும் ஒரு டின்னில் அடுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் ஏற்றினார் அக்கா. அவை வரப்போகிற ஆக்களுக்கு.