கிழிபடாத தாள்கள்

கோலார் தங்கவயலில் எங்கள் இல்லத்துக் கூடத்தில் 2001ஆம் ஆண்டின் தினசரி நாட்காட்டி ஒன்று இன்றும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் முகத்தில் பிப்ரவரி 28, புதன்கிழமை. அத்தாளையும் சேர்த்து 307 தாள்கள் கிழிபடாமல் இருக்கின்றன. ஆனால், வருவோர் தாள்களை நோக்குவதில்லை. மேலுள்ள அட்டையைத்தான் நோக்குவர். நோக்கியவுடன் சிலர் நகைப்பர். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வர். இரண்டையும் ஒருங்கே செய்தாரும் உளர்.

அட்டையில் இருப்பவள் கஜலட்சுமி. சிவகாசியில் அச்சான படம். தாமரையில் அமர்ந்த திருமகள், இருபுறமும் யானைகள், திருக்கையிலிருந்து பொழியும் பொற்காசுகள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976), நாடகத் திரை எழுதிய கையால் தெய்வங்களையும் எழுதித் தமிழர் இல்லச் சுவர்களில் குடியேற்றினாரே, அந்த மரபில் வந்தது. தங்கவயலில் இப்படத்திற்குத் தனிப்பொருள் உண்டு. 1880ஆம் ஆண்டு தொடங்கிச் சுரங்கங்கள் மூடப்படும்வரை ஏறத்தாழ 800 டன் பொன் இந்நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பர். அதை எடுத்தவர்களின் லைன் வீடுகளில், தாலியில் இருந்த குண்டுமணி நீங்கலாக, பொன் என்று கண்ணுக்குக் கிடைத்தது பெரும்பாலும் திருமகள் கையிலிருந்து விழுந்த அந்த மஞ்சள் மசிதான்.

எங்கள் தந்தையார் பாறை துளைப்பவர். நாள்தோறும் ஷிப்டுக்குப் புறப்படுமுன் முந்தைய நாள் தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். புகையிலை மடிக்க உதவும் என்பார். தாளின் அடியில் இராசிபலன் இருக்கும். ‘தனவரவு’ என்று அச்சிட்டிருப்பர். அந்தத் தனவரவையும் பையில் வைத்துக்கொண்டே கூண்டில் ஏறி நிலத்தினுள் இறங்குவார். இங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. அத்தகைய ஆழத்தில், மேலிருந்து அழுத்தும் சுமை தாளாமல் பாறை தானே வெடித்துச் சிதறுவதுண்டு. அப்போது மேலே ஊரில் பாத்திரங்கள் அதிரும். நாட்காட்டி ஆணியில் ஆடும். அது ஆடி நின்ற பின்னும் எங்கள் அன்னையார் அதையே பார்த்தபடி நின்றிருப்பார். எமகண்டம் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணித்த பெரியவர் நிலத்தின் மேல் வாழ்ந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மறுநாள் காலை தந்தையார் தாளைக் கிழிக்கவில்லை. நாங்கள் கிழிக்க முற்பட்டபோது, “இருக்கட்டும்” என்றார். அவ்வளவே. பின்னர் பேச்சுக் குறைந்தது, இருமல் மிகுந்தது. கல் தூசு நுரையீரலில் படிந்து இறுகும் அந்நோயை மருத்துவர் சிலிக்கோசிஸ் என்பர். எங்கள் ஊரில் ‘நெஞ்சு கல்லாயிற்று’ என்றால் விளங்கிவிடும். நாட்காட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அமர்ந்திருப்பார். ஈராண்டுகள் அப்படியே சென்றன.

உடன்பிறந்தார் மூவரான நாங்கள் அந்த அட்டையில் கைவைத்தது 2003ஆம் ஆண்டின் ஒரு மழை நாளில். தொடங்கியவள் எங்கள் தங்கை. தந்தையார் விழுங்கிய மாத்திரைகளின் வெற்றுத் தகட்டிலிருந்து வெள்ளித் தாளைப் பிரித்து, வட்டமாக நறுக்கி, திருமகள் கையிலிருந்து விழும் காசுகளின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினாள். பிறகு எங்களாலும் வாளாவிருக்க இயலவில்லை. தாமரை இதழ்களுக்குக் காலாவதியான சீசன் டிக்கெட்டுகள். நாங்கள் இருவரும் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் பிழைக்கப் போனவர்கள் ஆதலால் இதழுக்குப் பஞ்சமில்லை. யானைகளின் கலசத்திலிருந்து விழும் நீருக்கு மைதாப் பசை தடவி, பொன் எடுத்தபின் கொட்டிய சயனைடு மேட்டு மண்ணைத் தூவினோம். யானைகளுக்குக் கொட்டாங்குச்சித் துண்டால் தொப்பி. தொப்பியில் சோடா மூடியால் விளக்கு. இறுதியாக, பழைய மார்க்கண்டேயர் படத்திலிருந்து எமனை வெட்டி எடுத்து, மடியில் சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு மூலையில் அமர்த்தினோம். சுரங்கம் மூடியதால் அவனுக்கும் வேலை போயிற்று என்பது எங்கள் கற்பனை.

மெக்சிகோ நாட்டு அச்சோவியர் போசாதா (1852–1913) எலும்புக்கூடுகளுக்குத் தொப்பி அணிவித்து மலிவுத் தாள்களில் விற்றதையும், முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மானியர் ஷ்விட்டர்ஸ் பயணச்சீட்டுகளையும் குப்பைத் தாள்களையும் ஒட்டிப் படமாக்கியதையும் நாங்கள் நெடுநாள் கழித்தே படித்தறிந்தோம். அன்று எங்களுக்குத் தெரிந்த கலைக் கோட்பாடு ஒன்றே: பசை காயும்வரை அன்னையார் பார்க்கலாகாது.

அவர் பார்த்துவிட்டார். “வீட்டு லட்சுமியை இப்படிச் செய்தால் விளங்குமா?” என்று கடிந்தார். சுரண்டி எடுக்கச் சொன்னார். முதலில் அந்த மண் தொட்ட கையைக் கழுவச் சொன்னார். அதற்குள் தந்தையார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். எங்களுக்கு நா வறண்டது. அவர் வாழ்வின் கடைசி வேலைநாளன்றோ அது? விளையாடும் உரிமையை எங்களுக்கு யார் தந்தார்?

அட்டையின் அருகே முகத்தை வைத்து நெடுநேரம் நோக்கினார்.

“பேட்டரி எங்கே?” என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

“விளக்கு மட்டும் இருந்தால் எரியுமா? இடுப்பில் பேட்டரி கட்ட வேண்டும். அங்கிருந்து முதுகு வழியாக ஒயர் தொப்பிக்கு வர வேண்டும். நீங்கள் அனுப்பினால் இந்த யானை இருட்டில்தான் போகும்.”

“யானைக்கு இடுப்பு எங்கேப்பா இருக்கிறது?” என்றான் இளையவன்.

“தேடிக் கட்டு.”

தீப்பெட்டியை நறுக்கி பேட்டரி செய்தோம். கறுப்பு நூல் ஒயராயிற்று. அவரே விரலால் இடம் காட்டினார். பிறகு மூலையில் இருந்த எமனைக் கண்டார். யார் என்றார். வேலை போனவன் என்றோம்.

“அவனுக்கு வேலை போகவில்லையம்மா,” என்றார் தங்கையிடம், நெஞ்சைத் தட்டிக்காட்டி. “இப்போது வீட்டுக்கே வந்து பார்க்கிறான்.”

சொல்லிவிட்டு நகைத்தார். ஈராண்டுகளுக்குப்பின் கேட்ட நகைப்பு. அது இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்னையார் வெந்நீரோடு நின்றார். அன்றிரவு அவர் நிலத்தடியில் தாம் கண்டவற்றை எங்களிடம் முதன்முறையாகச் சொன்னார். உடன் இறங்கி உடன் ஏறாத நண்பர்களைப் பெயர் சொல்லிச் சொன்னார். மறுநாள் பெட்டியைத் திறந்து, எண் பொறித்த தம் பித்தளை டோக்கனை எடுத்து, வலப்புற யானையின் கழுத்தில் தொங்கவிடச் சொன்னார்.

2006ஆம் ஆண்டு அவர் மறைந்தார். சுரண்டச் சொன்ன அன்னையார் அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. வெள்ளிதோறும் அட்டையைத் துடைத்துத் திருமகள் நெற்றியில் குங்குமம் வைப்பார். விரலில் எஞ்சியதை வலப்புற யானையின் தலைவிளக்கில் ஒற்றுவார். எமனுக்கு வைப்பதில்லை.