குளிராத வண்டி

எம் ஊராகிய மாகறல் காஞ்சிபுரத்திற்குத் தெற்கே சேயாற்றங்கரையில் உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய தலம். எம் தந்தையார் நாற்பது ஆண்டுகள் பட்டுத் தறியில் அமர்ந்து நெய்தவர். சிறுநீரகங்கள் பழுதுற்றமையால், வாரத்தில் மும்முறை காஞ்சிபுரம் சென்று குருதியைச் சுத்தி செய்துகொள்ளுதல் அவருக்கு இன்றியமையாததாயிற்று. பருகும் நீரையும் அளந்தே கொடுத்தல் வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில், தாகத்திற்கு நீரின்றி வண்டியில் அமர்ந்திருத்தல் எத்தகைய துன்பம் என்பதை வாசகர்கள் உய்த்துணர்வார்களாக.

எம்மிடம் இருந்தது 2004-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மாருதி 800. அதன் குளிர்சாதனம் ஒரு கோடையில் விந்தையானதொரு நோய்க்கு ஆளாயிற்று. வண்டி ஓடுங்கால் குளிர்ந்த காற்று வரும். ஓரிக்கையைக் கடந்து நகர நெரிசலில் நின்றவுடன் அனல் வீசும். தொழிற்சாலை ஒன்றிற்குக் கொண்டு சென்றோம். “காஸ் குறைந்துவிட்டது” என்றனர், நிரப்பினர். ஒரு வாரத்தில் பழைய கதையே. மீண்டும் நிரப்பினர். குறைந்தது எவ்வழியே சென்றது என்று அவர்களும் தேடிலர். கேட்க வெட்கி யாமும் பணத்தைக் கொடுத்து மீண்டோம். இரண்டாம் முறைக்குப் பின் நோய் முற்றியது. வண்டி நின்றால் கம்ப்ரஸரும் நின்றுவிடும்.

வைகாசிக் கருட சேவையன்று கூட்டத்தினிடையே ஒரு மணி நேரம் சிக்குண்டோம். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. நீர்ப்புட்டியை ஒருமுறை நோக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பார்வையை யாம் இன்னும் மறந்திலோம்.

மறுநாள் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் கருவியைத் தொடுமுன், “எப்போது குளிர்கிறது, எப்போது குளிரவில்லை, தம்பி?” என்று வினவினார். இவ்வினாவை அதுகாறும் எவரும் எம்மிடம் கேட்டதில்லை! பின்னர் அமுக்கமானிகளைப் பொருத்தி, வண்டியை நிறுத்திய நிலையிலேயே எஞ்சினை ஓடவிட்டார். சிவப்பு மானியின் முள் சதுர அங்குலத்திற்கு 300 பவுண்டைத் தாண்டி ஏறிற்று. முன்புறத்துக் கண்டென்சரின் மீது ஒரு குடம் நீரை ஊற்றினார். முள் இறங்கியது, உள்ளே குளிர்ந்த காற்றும் வந்தது.

“விசிறி உறங்குகிறது” என்றார்.

அதன் காரணத்தையும் விளக்கினார். குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதன்று. வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே எறிவது. எறியும் வாயில் கண்டென்சர். வண்டி ஓடுங்கால் எதிர்க்காற்று அதனைத் தணிக்கும். நிற்குங்கால் விசிறியே தணித்தல் வேண்டும். தணியாவிடின் அமுக்கம் அளவு மீறும். கம்ப்ரஸர் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நின்றுவிடும். மிகுதியாக அடைத்த காஸ் இத்துன்பத்தைப் பெருக்கியதேயன்றிக் குறைக்கவில்லை.

விசிறியை பாட்டரியோடு நேரே இணைத்தபோது நன்கு சுழன்றது. ஆதலின் பிழை கம்பியில் என்பது தெளிவு. சோதனை விளக்கொன்றால் தொடர்ந்து சென்று, வண்டியின் உடலோடு பிணைத்திருந்த எர்த் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததைக் காட்டினார். உப்புத்தாளால் தேய்த்துப் புதுமுனை வைத்தார், விசிறி விழித்துக்கொண்டது. காஸ் முழுவதையும் உருளையொன்றில் வாங்கிக்கொண்டு, குழாய்களை அரைமணி வெற்றிடமாக்கி முள்ளைக் கவனித்தார். அது அசையவேயில்லை. ஒழுக்கே இல்லாத வண்டிக்கு இருமுறை காஸ் நிரப்பப்பட்டதென்று அப்போதே அறிந்தோம்.

அதனைக் காற்றில் விடாது உருளையில் வாங்கியதற்கும் காரணமுண்டு. முற்காலத்து ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்தமையால், 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை அதனை விலக்கத் தொடங்கிற்று. அதன்பின் வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கிழைப்பதில்லை. ஆயினும் உலகை வெப்பமாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமிலவாயுவினும் ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. வண்டியின் முகப்புச் சீட்டிற் குறித்த எடையளவே நிறுத்து நிரப்பினார்.

வீட்டில் இக்கதையைக் கேட்ட தந்தையார் நகைத்தார். “பாவில் ஓரிழை அறுந்தால், அறுந்த இடத்தைத் தேடிப் பிணைப்போம். தறியின்மேல் இன்னும் கொஞ்சம் பட்டைக் கொட்டுவோமோ?” என்றார்.

அடுத்த வாரம் மீண்டும் நெரிசலில் நின்றோம். அவர் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். வீடு திரும்பியபோது அளந்து கொடுத்த நீரிற் பாதி புட்டியில் எஞ்சியிருந்தது.